கொஞ்சம் நகருங்களேன்

பேச்சுத் தமிழில் ‘ப்ளீஸ்’ என்பதற்கு நேர்ச்சொல் தேடினால் கிடைக்காது. ‘தயவுசெய்து’ அறிவிப்புப் பலகைக்கும் மேடைக்கும் சரி. பேருந்தில் பக்கத்தில் நிற்பவரிடம் அதைச் சொன்னால் கெஞ்சுவதாகவோ எரிந்து விழுவதாகவோதான் காதில் விழும். இதை வைத்துத் தமிழர் பேச்சில் பணிவில்லை என்பவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது.

‘நகரு’ கட்டளை. ‘நகருங்க’வில் மரியாதை உண்டு, ஆனாலும் ஏவல்தான். முன்னால் ‘கொஞ்சம்’ சேர்ந்தால் பாதி இளகிவிடும். ‘கொஞ்சம் நகருங்களேன்’ என்னும்போது அந்தக் கடைசி ‘ஏன்’ முடிவை அவர் கையில் கொடுத்துவிடுகிறது. முன்பின் தெரியாதவரிடம் ‘நகர்ந்துக்கிறீங்களா?’ என்று கேள்வியாகவே கேட்பது இன்னும் நல்லது. முடியாவிட்டால் முடியாது என்று சொல்ல அவருக்கு இடமிருக்கும். கொங்குப் பக்கம் கேள்விக்குள்ளேயே ‘ங்க’ நுழைந்து ‘முடியுங்களா?’ ஆகும். யாழ்ப்பாணத்தில் ‘வாங்கோ, இருங்கோ’. நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவே ‘நீர்’ வேறு.

ஆனால் அதே ‘கொஞ்சம்’ மீது குரலை அழுத்திப் பாருங்கள்: “கொஞ்ச்சம் வழி விடுறீங்களா?” சொல் அத்தனையும் மரியாதை, வாக்கியம் முழுக்க அதட்டல்.

மறுப்பதற்கும் தனிப் பக்குவம் உண்டு. பந்தியில் ‘வேண்டாம்’ என்றால் பரிமாறுபவர் முகம் சுருங்கும். ‘போதுங்க’ என்றால் சாப்பிட்டு நிறைந்ததாக அர்த்தம். யாசகம் கேட்டு வருபவரைக்கூட ‘போயிட்டு வாங்க’ என்றுதான் அனுப்புவோம். விளக்கை ‘அணை’ என்னாமல் ‘குளிர வை’ என்பதை இலக்கணம் மங்கலம் என்று தகுதி வழக்கில், அதாவது சொல்லத் தகாததைத் தக்க வேறு சொல்லால் சொல்லும் வழக்கில், வைத்திருக்கிறது.

நாம் அதிகம் சறுக்குவது ஆள் எதிரில் இல்லாதபோது. தண்ணி கேன் கொண்டுவருபவரை வாசலில் ‘வாங்கண்ணே’ என்போம். கதவைச் சாத்தியதும், ‘கேன் போடுறவன் வந்துட்டுப் போயிட்டான்.’ போயிட்டான், போயிட்டார்: மாறுவது கடைசி எழுத்து ஒன்றுதான். ஆட்டோக்காரன், ஆட்டோக்காரர் என்பதும் அப்படியே. அறுபது வயது அம்மா வீட்டு வேலைக்கு வந்தால் எட்டு வயதுப் பிள்ளை ‘நீ எப்ப வருவே?’ என்கிறது. அது வீட்டுக்குள் கேட்டுப் படித்த ‘நீ’. பெரியவர்கள் இன்றைக்கே ‘எப்பம்மா வருவீங்க?’ என்று கேட்க ஆரம்பித்தால் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும்.