சாமுராய் பின்பாதி முடிந்தது: இனி இதை சுசூகி என்று சொல்லலாமா?

பாறைகளில் ஏற்றுவதற்காக நான் மாற்றிக் கட்டும் சுசூகி சாமுராய் ஜீப்பின் பின்பாதி வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. பழைய பிரேமின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், பின்பகுதியை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் எஃகுக் குழாய்களால் புதிய கட்டுமானம் எழுப்பியாயிற்று. பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் போய், ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் நான்கு லிங்க் தண்டுகளும், ஷாக் அப்சார்பரின் மேல் சுருள் ஸ்பிரிங் ஏறிய காயில் ஓவரும் வந்துவிட்டன. வண்டியைப் பார்க்க வருகிறவர்கள், "இது என்ன வண்டி?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் யோசிக்காமல் சுசூகி என்பேன். இப்போது நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மாறியது எஞ்சின். 1.3 லிட்டரை இறக்கிவிட்டு சுசூகியின் இன்னொரு வண்டியான விட்டாராவின் 1.6 லிட்டரை ஏற்றினேன். பழைய கியர்பாக்ஸோடு அது நேராகச் சேர்ந்துவிடும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்களைத்தான் மாற்ற வேண்டும். அப்போது வண்டியின் பெயரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

அடுத்தது ஆக்சில். பெரிய டயர் போட்டுப் பாறையில் ஏற்றினால் சாமுராயின் முன் ஆக்சில் மூட்டுகள் தாங்காது. அதனால் முன்னும் பின்னும் டொயோட்டா ஹைலக்ஸ் ஆக்சில்கள். வீலை மாட்டும் ஸ்டட் (திருகுத் தண்டு) சுசூகிக்கு ஐந்து, டொயோட்டாவுக்கு ஆறு. ஆனால் இரண்டிலும் ஸ்டட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ.தான். பழைய வீலைப் புதிய ஹப்பின் மேல் வைத்தால் ஒரு துளை சரியாக உட்காரும், அடுத்தது தள்ளி நிற்கும். அந்த நாளில்கூட எனக்கு இது சுசூகிதான்.

எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கதை வேறு. சாமுராயில் அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, ஒரு குட்டைத் தண்டின் தொடர்பில் இருக்கும். மிக நல்ல வடிவமைப்பு. கழற்றுவதும் மாட்டுவதும் சுலபம். கூடு பழையதே. உள்ளே 4.16 குறை விகித கியர்கள் வந்துவிட்டன. முதல் கியரில் மொத்த விகிதம் (கியர்பாக்ஸ் × டிரான்ஸ்ஃபர் கேஸ் × ஆக்சில்) முன்பு 3.65 × 2.27 × 3.73, அதாவது ஏறத்தாழ 31. இப்போது 3.65 × 4.16 × 4.10, ஏறத்தாழ 62. வண்டி பாறையில் ஏறும் விதமே மாறிவிட்டது. ஓட்டும்போது கிடைக்கும் உணர்வை வைத்துப் பெயர் சொல்வதானால், பழைய பெயர் இங்கேயே போயிருக்க வேண்டும்.

மாற்றிக் கட்டிய வண்டி பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க பிரிட்டனில் நீண்ட காலம் புழங்கிய புள்ளிக் கணக்கு இந்தக் கேள்விக்கு ஒரு தெளிவான விடை வைத்திருந்தது. மாற்றம் செய்யாத பிரேமுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. பழைய பதிவு எண் நீடிக்க 8 தேவை. இல்லையென்றால் சோதனைக்குப் பிறகு கியூ எழுத்தில் தொடங்கும் எண். பின்பக்கத்தை அறுக்கும் முன்பு என் வண்டிக்கு பிரேம், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் மூன்றிலுமாக 9 கிடைத்திருக்கும். அறுத்த பிறகு 4. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று கொடுத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

ஆனால் எனக்கு விடை கிடைத்தது அளவெடுக்கும்போதுதான். ஆக்சில் மாற்றிய காலத்தில் எல்லா அளவையும் பிரேமிலிருந்தே எடுத்தேன். பிரேமில் தொழிற்சாலை போட்ட துளைகளிலிருந்தும் ஆக்சிலின் இரு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸ் குறி வைத்து, இடமுன் குறியிலிருந்து வலப்பின் குறிக்கு மூலைவிட்டம் பிடிப்பேன். மறுபக்கமும் அதே அளவு வந்தால் ஆக்சில் நேர். எது சரி, எது கோணல் என்று தீர்ப்புச் சொன்னது சுசூகியின் பிரேம். பின்பாதிக்கு அந்த முறை உதவவில்லை. மட்டம் பார்த்த இரும்பு மேசையில் நடுக்கோடு கீறி, குழாய்களையும் லிங்க் தாங்கிகளையும் அந்தக் கோட்டிலிருந்து அளந்து பற்றவைத்தேன். பிறகு முன்பாதியைக் கொண்டுவந்து, தகடு செருகி, அந்தக் கோட்டுக்கு இணங்க நிறுத்தினேன். அதுவரை மற்ற பாகங்கள் பிரேமுக்குப் பொருந்தின. அன்று பிரேம் என் கோட்டுக்குப் பொருந்தியது. பெயர் போன இடம் அதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

முகப்புக் கிரில் இருக்கும்வரை சுசூகிதான் என்று நண்பர் ஒருவர் வாதாடுகிறார். எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் பாறையிலும் பாலைவனத்திலும் நடக்கும் கிங் ஆஃப் தி ஹாமர்ஸ் பந்தயத்தின் 4400 பிரிவில் ஓடும் வண்டிகள் முழுக்கக் குழாயில் கட்டியவை. அங்கே சேசிஸ் (அடிச்சட்டம்) கட்டியவரின் பெயரைச் சொல்லித்தான் வண்டியைப் பேசுகிறார்கள். அதுவே நேர்மையான முறை.

முன்பாதியை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடமும் பொறித்த எண்ணும் அந்தப் பக்கம் இருக்கின்றன. எண் இருக்கும் துண்டை அறுக்க நினைப்பவர்கள் பதிவு விதிகளை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பாகம் எந்த வண்டியுடையது என்று ஒரு தாளில் எழுதி உறையிட்டு டாஷ்போர்டின் உள்ளே ஒட்டியிருக்கிறேன். பேரிங்கோ சீலோ வாங்கப் போகும்போது வண்டியின் பெயரைவிட அந்தத் தாள்தான் பயன்படும்.

அடுத்து, பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட். லிங்க் வந்த பிறகு கோணம் கூடியிருக்கிறது, இரட்டை மூட்டு தேவைப்படும். முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகே நீளம் அளக்க வேண்டும்; அதற்கு முன் பிரேக் குழாய்களை முடித்தாக வேண்டும்.