ஒழுகியது மேலே, கழற்றியது கீழே

லாரியில் ஆயில் ஒழுகுவதை நிறுத்தப் பதினான்காயிரம் ரூபாய் செலவு, மூன்று நாள் ஓட்டம் போச்சு. கியர்பாக்ஸை இறக்கி கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலை மாற்றி, நான்காம் நாள் பெங்களூர் கலாசிப்பாளையத்தில் வண்டியை எடுக்கப் போனால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங்குக்குக் கீழே அதே இடத்தில் அதே கறுப்புச் சொட்டு. வயிறு எரிந்தது.

2006 மாடல், நாலு சிலிண்டர் டீசல் லாரி. ஒசூரிலிருந்து பெங்களூருக்குக் காய்கறி ஏற்றுகிறேன். வாரம் ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. முதல் மெக்கானிக் அடியில் குனிந்து பார்த்ததோடு சரி, "பின் சீல்தான்" என்று சொல்லிவிட்டார். கழற்றிய சீலை வாங்கிப் பார்த்தேன், ரப்பர் உதடு இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. அப்போதே வேலையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜே.சி. ரோட்டில் சாமான் வாங்கும்போது ஒருவர் சொல்லி, வயதான பாய் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. சொட்டை விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். கியர் ஆயிலாக இருந்தால் கந்தக வாடை அடிக்குமாம், இது இன்ஜின் ஆயில்தான் என்றார். "மேலயிருந்து கீழ வரைக்கும் சுத்தமா கழுவிட்டு வா தம்பி."

கழுவிக் காயவைத்த பிறகு இன்ஜினின் பின்பக்கம் முழுக்க சாக்பீஸ் பொடியைத் தூவினார். நின்ற இடத்தில் ஓடவிட்டால் போதாது, ஆயில் நன்றாகச் சூடாகி இளக வேண்டும் என்பதால் அத்திப்பள்ளி வரை ஓட்டிவிட்டு வந்தோம். பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தால், வெள்ளைப் பொடியில் நூல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. இன்ஜின் உச்சியில் இருக்கும் தகடு மூடியான டேப்பட் கவரின் பின்மூலையில் தொடங்கி, பிளாக் மேல் இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றிக்கொண்டு அடியில் போய்ச் சொட்டுகிறது. ஃபேன் காற்று வேறு எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடும்.

"கவருக்கு அடியில இருக்குற பேக்கிங்க மாத்திடலாமா பாய்?"

"இரு தம்பி, அது ஏன் போச்சுன்னு பாக்கணும்ல?"

இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்தினார், குபுகுபுவென்று புகை. இன்ஜின் உள்ளே சேரும் புகையை வெளியேற்றும் பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி கசடு அடைத்துக் கிடந்தது. உள் அழுத்தம் வெளியே போக வழியில்லாமல் பலவீனமான பேக்கிங்கைப் பிதுக்கியிருக்கிறது. வெறும் பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் போயிருக்கும். பிரீதரைச் சுத்தம் செய்தும் புகை அடங்கவில்லை என்றால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டுமாம். நல்லவேளை, எனக்கு அடங்கிவிட்டது.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. டேப்பட் கவர் நட்டை இறுக்கி முறுக்காதீர்கள், தகடு வளைந்து இன்னும் ஒழுகும். யாராவது கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், முதலில் கழுவிப் பொடி தூவிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மூன்று வாரமாக ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்துவைக்கிறேன். இன்று காலையும் காய்ந்தே கிடந்தது.