பத்து மணி என்றால் எந்தப் பத்து மணி

2005ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில், திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மாலைதோறும் நடந்த நிவாரண ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஆழிப்பேரலை அடித்து இரண்டு வாரங்கூட ஆகியிருக்கவில்லை. பிரதேச செயலகத்து உத்தியோகத்தர்கள், கிராம சேவையாளர்கள், தொண்டு நிறுவனத்தார், சுவரோரமாக நின்ற சீருடைக்காரர்கள் என்று அந்த அறை மூச்சுவிட இடமில்லாமல் நிறைந்திருக்கும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் மாறிமாறி ஒலிக்க, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சேர்ப்பிப்பதே என் வேலை.

அந்தக் கூட்டங்களுள் ஒன்றில், துறைமுகத்தில் இறக்கப்பட்ட தண்ணீர்ப் போத்தல்களையும் கூடாரத் துணிகளையும் மறுநாள் காலை பத்து மணிக்கு மூதூர்ப் பக்கத்துச் சோதனைச்சாவடி ஒன்றினருகே ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. அப்பாலுள்ள கிராமங்களின் சார்பில் வந்திருந்தவரிடம் அதை நான் தெளிவாகச் சொன்னேன். அவரும் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். மறுநாள் லொறிகள் பத்து மணிக்குப் போய் நின்றன. பொருளை இறக்க ஒருவரும் வரவில்லை. திரும்பிவர வேண்டிய நேரம் அனுமதியில் குறிக்கப்பட்டிருந்ததால், இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு லொறிகள் திரும்பிவிட்டன. பத்தரைக்கு உழவு இயந்திரங்களோடு வந்து சேர்ந்த கிராமத்தவர்கள் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பிந்தி வரவில்லை. அவர்களுடைய கடிகாரத்தில் அப்போதுதான் பத்து மணி.

அக்காலத்தில் இலங்கையில் வாழாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்காமல் முன்பிருந்த நேரத்திலேயே இயங்கின. 2006 ஏப்ரலில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழ்ந்த எங்களுக்குச் சோதனைச்சாவடிக்கு இப்பால் ‘புதிய நேரம்’, அப்பால் ‘பழைய நேரம்’. எங்களூரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விடயம் இது. ஆயினும் அந்த மாலையில் களைப்பிலும் அவசரத்திலும் கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. சொல்லை ஒழுங்காக மொழிபெயர்த்தேன், நேரத்தை மொழிபெயர்க்கவில்லை. நாள் முழுவதும் நீருக்காகக் காத்திருந்த பிள்ளைகளை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த நாட்களில் இந்தியக் கடற்படையின் கப்பல்கள் ‘ரெயின்போ’ என்று பெயரிடப்பட்ட நடவடிக்கையின்கீழ் இலங்கைக்கு வந்திருந்தன. கனேடியப் படையின் அனர்த்த உதவி அணி அம்பாறையில் நீர் சுத்திகரித்துக்கொண்டும் நோயாளரைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. அமெரிக்க மரைன் படையினர் காலியில் இடிபாடுகளை அகற்றினார்கள். அவர்களது பிராந்தியத் தலைமையகமோ தாய்லாந்தின் உத்தப்பாவோவில் இருந்தது. இந்தியாவின் நேரம் எங்கள் பழைய நேரத்தோடு ஒத்துப்போனது, கொழும்பின் நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. எந்த இராணுவத்தின் செய்திக் குறிப்பைப் பார்த்தாலும் நேரத்துக்குப் பின்னால் ‘சூலு’ என்று ஒரு சொல் ஒட்டியிருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிறீன்விச் நேரத்தைக் குறிக்கும் அடையாளம் அது. உலகின் எந்த மூலையில் நின்றாலும் எல்லாரும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு. மறுநாளிலிருந்து என் குறிப்புப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கீறிக்கொண்டேன்: சூலு, புதியது, பழையது. நேரம் சொன்ன ஒவ்வொருவரையும் மூன்றாலும் உறுதிப்படுத்தாமல் விடவில்லை.

பின்வந்த ஆண்டுகளில், அனர்த்த உதவிக்கான பன்னாட்டுப் படைப் பயிற்சிகள் சிலவற்றில் சிவில் தரப்பின் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. படை என்ற சொல் எங்கள் மாவட்டத்தவர் பலருக்கு என்ன நினைவுகளைக் கிளப்பும் என்பதை நான் அறிவேன்; எனக்கும் அந்த நினைவுகள் உண்டு. ஆனால் அடுத்த புயலோ வெள்ளமோ வரும்போது ஹெலிகொப்டரும் தரையிறங்கு படகும் அவர்களிடமே இருக்கும். அவர்கள் எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதை எங்களில் சிலராவது அருகிருந்து அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், பல நாட்டுப் படைகள் கூடினால் ஒரு தளபதி கட்டளையிட மற்றவர்கள் கீழ்ப்படிவார்கள் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் எந்த நாடும் தன் படையின் முழு அதிகாரத்தையும் இன்னொரு நாட்டவரிடம் கையளிப்பதில்லை. குறிப்பிட்ட பணிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் இயக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. அதிலும் ‘இரவில் பறக்கமாட்டோம்’, ‘இந்த எல்லையைத் தாண்டமாட்டோம்’ என்று நிபந்தனைகள் இருக்கக்கூடும். பஹ்ரெய்னில் தலைமையகம் கொண்டுள்ள கூட்டுக் கடல்சார் படைகளில் 2023ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கை 39ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தபோதும் ஏற்பாடு இதுவே: எவ்வளவு பங்களிப்பது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கிறது, அதன் செயலணிகளின் தலைமை உறுப்பு நாடுகளுக்கிடையே சுழல்கிறது. ஆகவே கட்டளையைவிட இணக்கமே அங்கே பெரிய வேலை. அந்த இணக்கத்தை உண்டாக்கத்தான், களத்தில் ஒரு கிழமை நடக்கப்போகும் காரியத்துக்காகப் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடல் மாநாடுகளைத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு தலைமையகத்திலும் மற்ற நாட்டின் இணைப்பதிகாரி ஒருவரை உட்காரவைக்கிறார்கள்.

கருவிகள் இருந்தால் போதும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. ஏறத்தாழ ஐம்பது நாடுகள் பங்கேற்ற ஆப்கானிஸ்தான் நடவடிக்கையில், ஒவ்வொரு நாட்டினதும் இரகசியக் கணினி வலையமைப்பு தனித்தனியாக இருந்தமையால், பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் நேரடியாக ஒரு வரைபடத்தை அனுப்பமுடியாத நிலை இருந்தது. 2010ஆம் ஆண்டில் பொதுவான வலையமைப்பு ஒன்றை அமைத்த பிறகே அது சீராகத் தொடங்கியது. போர் தொடங்கிய 2001ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் ஒன்பது ஆண்டுகள்.

ஆனால் வலையமைப்பு செய்தியைத்தான் கடத்தும். அந்தச் செய்தி அங்கே என்னவாக விளங்கிக்கொள்ளப்படும் என்பதற்கு அது பொறுப்பல்ல. ஒரு பயிற்சியில், கற்பனைச் சூறாவளி ஒன்றில் இருபது ‘கஷுவல்ட்டி’ என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு வந்தது. எழுத்து மொழிபெயர்ப்பைச் செய்த வேறொருவர் ‘இருபது உயிரிழப்புகள்’ என்று எழுதிவிட்டார். எங்கள் பத்திரிகைகளிலும் அடிக்கடி காணும் பிழைதான் இது. அந்த ஆங்கிலச் சொல் காயமடைந்தோரையும் சேர்த்தே குறிக்கும். சத்திரசிகிச்சைக்கூடத்தை ஆயத்தமாக்கவேண்டிய மருத்துவத் தரப்பு பிரேத அறையில் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கியது. பயிற்சி என்பதால் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. மெய்யான அனர்த்தமாயின், பிழைக்கவேண்டிய சிலர் அந்த ஒரு சொல்லால் இறந்திருப்பார்கள்.

இதே துறைமுகத்தில் இதே சிக்கலை முன்னொரு தலைமுறை சந்தித்திருக்கிறது. 1944ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான சரட்டோகா பிரித்தானியரின் கிழக்குக் கடற்படையோடு வந்து சேர்ந்தது. ஏப்ரல் 16ஆம் திகதி, சரட்டோகாவும் பிரித்தானியரின் இலஸ்ட்ரியஸும், பிரான்சின் றிஷ்லியூ போர்க்கப்பலும், ஒல்லாந்தரின் ட்ரொம்ப்பும், நியூசிலாந்தின் காம்பியாவும், அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல்களும் திருகோணமலையிலிருந்து சேர்ந்து புறப்பட்டு, 19ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் நியூகினியின் ஹொலாண்டியாவில் ஏப்ரல் 22ஆம் திகதி அமெரிக்கர் தரையிறங்கவிருந்தனர். அந்த வேளையில் யப்பானியரின் கவனத்தை இந்து சமுத்திரத்தில் கட்டிவைப்பதே இத்தாக்குதலின் நோக்கங்களுள் ஒன்று. தாக்குதலில் கடலில் விழுந்த அமெரிக்க விமானி ஒருவரைக் காப்பாற்றியது பிரித்தானிய நீர்மூழ்கியான டக்ரிஷியன்.

அப்போரின்போது அமெரிக்க, பிரித்தானியக் கடற்படைகளின் விமானந்தாங்கிக் கப்பல் தளச் சைகைகளும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன என்று அறிந்த நாளில் நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தரையிறங்க வரும் விமானியை நோக்கி, தளத்தில் நிற்பவர் இரு கைகளையும் உயர்த்துகிறார். அமெரிக்கருக்கு அதன் பொருள் ‘நீ உயரமாக வருகிறாய்’. பிரித்தானியருக்கு அதன் பொருள் ‘மேலே ஏறு’. ஒன்று நிலையைச் சொல்கிறது, மற்றது கட்டளையிடுகிறது. இரண்டும் ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே சைகை. விளைவோ கடலுக்குள் விழுவதா தளத்தில் இறங்குவதா என்பது. போர் நடந்துகொண்டிருக்கையிலேயே பிரித்தானியர் தங்கள் பழக்கத்தை விட்டு அமெரிக்க முறையை ஏற்றுக்கொண்டார்கள். பெருமையை ஒதுக்கிவைத்த அந்த முடிவை, எத்தனையோ படைக்கலங்களைவிட மேலானதாக நான் மதிக்கிறேன்.

படையினரிடம் நான் கற்ற நல்ல பழக்கம் ஒன்று, திட்டத்தைக் கேட்டவர் அதைத் தன் வாயால் திரும்பச் சொல்லிக் காட்டுவது. ‘விளங்கிற்றா?’ என்று கேட்டால் எவரும் ‘விளங்கிற்று’ என்றுதான் சொல்வார்கள். எங்களூரில் மரியாதைக்காகவும் அப்படிச் சொல்வோம். ‘நாளைக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், சொல்லுங்கள்’ என்று கேட்டால்தான் ஓட்டை தெரியும். இதைச் செய்வதற்கு மொழிபெயர்ப்பாளர் திட்டமிடலின் முதல் நாளிலேயே அறைக்குள் இருக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் அச்சிட்ட தாளைக் கொடுத்து, ‘காலையில் தமிழில் வேண்டும்’ என்று கேட்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை என்பது என் பெரிய மனக்குறை.

சில ஆண்டுகளுக்குமுன், நிலாவெளிப் பக்கத்துக் கடற்கரையொன்றில் படகுகளை இறக்கும் ஒத்திகைக்கு முதல்நாள், மண்டபத்தின் தரை முழுவதையும் வரைபடமாக்கியிருந்தார்கள். நீல நாடாவால் கரையோரம், வெள்ளை நாடாவால் வீதி, சிவப்பு நாடாவால் படகின் பாதை. ஒவ்வொரு தரப்பின் பொறுப்பாளரும் தரைமீது தன் பாதையில் நடந்து, எத்தனை மணிக்கு எங்கே நிற்பார் என்று உரக்கச் சொல்லவேண்டும். கடைசியாக, அழைக்கப்பட்டிருந்த மீனவர் சங்கத்துப் பெரியவரையும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரைபடத்துக்குள் இறங்கி, சிவப்பு நாடா கரையைத் தொடும் இடத்தில் போய் நின்றார்.

“தம்பி, நாளைக்குக் காலமை இந்த இடத்தில கரைவலை கிடக்கும். ரெண்டு கம்பாவும் இங்கதான் கரைக்கு வரும். படகு வந்தா வலையும் போகும், படகின்ர விசிறியும் போகும்.”

கம்பா என்பது கரைவலையை இழுக்கும் கயிறு. பெரியவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். திட்ட அதிகாரி வலை எத்தனை மணிக்குக் கரையேறும் என்று கேட்டார். “வெயில் ஏறமுதல்” என்றார் பெரியவர். நான் மொழிபெயர்க்காமல் நிறுத்தி, “ஐயா, மணிக்கூட்டில எத்தனை?” என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, என் மணிக்கூட்டில் ஒன்பதின்மேல் விரலை வைத்தார். அதிகாரி குனிந்து, சிவப்பு நாடாவின் நுனியில் ஒட்டியிருந்த ‘7.30’ என்ற தாளை உரித்தெடுத்து, ‘9.30’ என்று புதிதாக எழுதி ஒட்டினார். பிறகு நிமிர்ந்து, ஒன்பது மணிக்கு வலை கரையேறும், ஒன்பதரைக்குப் படகு வரும் என்று பெரியவரைப் பார்த்தே சொன்னார். நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த பெரியவர், வரைபடத்தில் இரண்டடி வடக்கே நகர்ந்து நின்று, “அங்க வேண்டாம், இங்க விடச் சொல்லும். அதில கல்லு இருக்கு” என்றார்.