கண்டியில் நான்கு நாள்

மே 6, 2025, செவ்வாய்

வேலூரில் கத்திரி வெயில் தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. மலைநகரம் என்று நம்பி மூன்று ஸ்வெட்டரைப் பெட்டியில் திணித்துக்கொண்டு வந்தோம். கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம்தான். நம்ம ஏலகிரியே இதைப்போல இரண்டு மடங்கு உயரம்! ஸ்வெட்டர்கள் பெட்டியைவிட்டு வெளியே வரப்போவதில்லை.

மாலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். 1807இல் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய ஏரி. அரசனாகும் முன் அவன் பெயர் கண்ணுசாமி. பிரிட்டிஷார் நாடுகடத்தி எங்கள் ஊர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்கு ஆறாம் வகுப்பில் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். புளிசாதம் நினைவிருக்கிறது. அரசன் நினைவில்லை.

மே 7, புதன்

புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு அருகே, அரசியர் தங்கியிருந்த பல்லே வாகல என்ற கட்டடம்தான் இப்போது தேசிய அருங்காட்சியகம். சுற்றுக்கட்டு வைத்த பழைய வீடு மாதிரி இருக்கிறது. வாள், வெற்றிலைப் பெட்டி, நகை என்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னும் என் மனைவி நின்று நின்று வந்தாள். நான் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன்: 1815 மார்ச் 2 ஒப்பந்தத்தின் நகல். கண்டிப் பிரதானிகள் நாட்டைப் பிரிட்டிஷ் முடியிடம் ஒப்படைத்த காகிதம். அரசனின் உறவுக்கார ஆண்கள் அனுமதியில்லாமல் கண்டிச் சீமைக்குள் நுழையக் கூடாது என்று அதில் ஒரு விதி. தென்னாட்டிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தை ஒழிக்கும் காகிதம் அது. அதிலேயே பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"வேலூர்க்காரரே, சாப்பாட்டு நேரம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

மே 8, வியாழன்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு நாள் போதவில்லை. 147 ஏக்கர்; மகாவலி ஆறு மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பூங்கா தொடங்கியது 1821இல், அதாவது அரசன் வேலூரில் சிறையிருந்தபோது. (இன்றைக்கும் அவன்தானா என்கிறாள் பக்கத்திலிருந்து.)

ஆளுயரத்தைப் பலமுறை தாண்டும் மூங்கில்கள். புல்வெளி நடுவே கிளைகளைப் பந்தல் மாதிரி விரித்து நிற்கும் ஜாவா அத்தி. மரமெல்லாம் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள், பட்டப்பகலில் சந்தைக்கடைச் சத்தம். பிரிட்டிஷ் இளவரசர், பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர், 1901இல் நட்ட மரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். ஆங்கிலப் பலகையில் பீரங்கிக் குண்டு மரம் என்ற பொருளில் பெயர். அட, நம்ம நாகலிங்கம்! பூவைப் பார்த்ததும் இவள் கை தானாகக் கும்பிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது பனைமரச் சாலை. ஊரில் செங்கல் சூளைக்கு வெட்டித் தள்ளும் மரத்தை இங்கே டிக்கெட் எடுத்து, அண்ணாந்து, போட்டோ பிடித்தோம்.

இந்தத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த த்வைட்ஸ்தான் 1869இல் காப்பி இலைகளில் மஞ்சள் துருவைக் கண்டு இங்கிலாந்துக்கு அனுப்பியவர். அந்தப் பூஞ்சை இருபதாண்டுக்குள் இலங்கைக் காப்பியை முடித்துவிட்டது. காப்பி போன இடத்தில் தேயிலை ஏறியது. காப்பி காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பிய நம் மக்கள், தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால், இங்கேயே தங்க நேர்ந்தது. ஒரு பூஞ்சை பார்த்த வேலை.

மே 9, வெள்ளி

காலையில் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய தொழிற்சாலை. பெரிய பெரிய உருட்டு இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருள்கள். மேல்மாடியில் நல்ல டீ. ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

ஆட்டோ ஓட்டிய அண்ணன் சொல்லித்தான் கம்பளைக்கு மேலே நியூ பீகாக் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்து வீடுகளையே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அறையைக் காம்பிரா என்கிறார்கள் அங்கே. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா. கதவில் குனிந்துதான் நுழைந்தேன். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, தப்பு மேளம். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவர்களின் வீட்டுச் சாமான்கள். எதற்கும் விளக்கப் பலகை தேவைப்படவில்லை. பாதிக்கு மேல் என் பாட்டி வீட்டுப் பரணில் இருந்தவை.

வாசலில் நின்றிருந்த தோட்டத்து அக்கா ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றதும் முகம் மலர்ந்தது.

"எங்க தாத்தா தொறையூர்ப் பக்கம்ங்க. வேலூர்லதானே கண்டி ராசா சமாதி? எப்படி வச்சிருக்காங்க தம்பி?"

ஆற்றங்கரையில் இருக்கு அக்கா என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பும் வழியில் ஆட்டோவில் இவள் கேட்டாள்: "நம்ம வீட்லேர்ந்து அது எத்தனை கிலோமீட்டர்?"