இரண்டு இன்டர்வியூவுக்கு நடுவே பதினாறு நாள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷமாகத் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் இன்னொரு கம்பெனி லேப் பொறுப்புக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்து விண்ணப்பித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை முதல் இன்டர்வியூ. முக்கால் மணி நேரம் நன்றாகவே போனது. கடைசியில் ஃபேக்டரி மேனேஜர், "ஐரோப்பாவுக்குப் போற தோல்ல குரோம் சிக்ஸ் எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?" என்று கேட்டார். குரோம் சிக்ஸ் என்பது தோலில் உருவாகக்கூடிய, உடம்புக்குக் கெடுதலான குரோமியம் வகை. "அஞ்சு பிபிஎம் சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரில் எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து வேலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. மூன்று! 2015 மே மாதத்திலிருந்து கிலோவுக்கு 3 மில்லிகிராம், அதாவது 3 பிபிஎம்தான் வரம்பு. தினமும் ரிப்போர்ட்டில் பார்க்கிற எண். பதற்றத்தில் தப்பாக வந்துவிட்டது. லேபைப் பார்த்துக்கொள்ள வருகிறவன் சொல்லக்கூடிய பதிலா அது?

"போனது போகட்டும், திரும்பக் கேட்டா பாத்துக்கலாம்" என்றார் அப்பா. மாமா, "அங்க எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார், ஒரு வார்த்தை சொல்லச் சொல்றேன்" என்றார். எனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை. அன்று ராத்திரியே மெயில் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது ஒரு பக்கம் வந்தது. பாதிக்கு மேல் மன்னிப்பும் காரணமும். எல்லாவற்றையும் அழித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. குரோம் சிக்ஸ் வரம்பு 5 என்று சொன்னது தவறு, 3 என்பதே சரி. எங்கள் லேபில் தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எடுத்த பிறகும் ஒருமுறை சோதிக்கிறோம். அடுத்த சுற்று இருந்தால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

பதில் வரவில்லை. ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முடியும்வரை போனைத் தொடவில்லை. அதற்கப்புறம் இரண்டு நாள் விட்டு, காலை பதினோரு மணி வாக்கில் எச்ஆர் மேடத்தைக் கூப்பிட்டேன். காலையில் முதல் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு அட்டெண்டன்ஸ் வேலையே சரியாக இருக்கும். பையர் ஆடிட் நடக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். நானோ ஒன்பது நாளாக அந்த 'அஞ்சு'தான் காரணம் என்று நினைத்துத் தூங்காமல் கிடந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேறொரு வேலை உறுதியானது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை எப்படி எழுதுவது என்றுதான் அதிகம் யோசித்தேன். மிரட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. "உங்கள் வேலையைத்தான் விரும்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வேறோர் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் உங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும்" என்று உள்ளதை எழுதினேன். சம்பளத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. லாஸ்டிங் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன், ஒரே இரைச்சல். "மேடம், வேலையில இருக்கேன், பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்க் கூப்பிட்டேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

இரண்டாவது இன்டர்வியூவில் என் மெயிலை பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தார் மேனேஜர். "எதுக்கு 80 டிகிரி?" என்பதுதான் முதல் கேள்வி. பதனிடப் போடுகிற குரோம் த்ரீதான் சூட்டிலும் வறட்சியிலும், தோலில் ஏற்றும் சில கொழுப்பெண்ணெய்களாலும் சிக்ஸாக மாறுகிறது. இன்று தேறுகிற தோல் குடோனிலோ கன்டெய்னரிலோ கிடந்தபின் தேறாமல் போகலாம், அதை முன்கூட்டியே பார்க்கத்தான் என்றேன். நாற்பது நிமிஷம் இதையேதான் பேசினோம். பதினைந்து நாளில் சேர முடியுமா என்று கேட்டார். நோட்டீஸ் 30 நாள், கையில் இருக்கிற ஷிப்மென்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வர முடியும் என்றேன். சரி என்றார்.

சாயந்திரமே ஆர்டர் மெயிலில் வந்தது. வீட்டில் சொல்வதற்கு முன்னால், ஸ்ரீபெரும்புதூர்காரர்களுக்கு நன்றி சொல்லி, வர இயலவில்லை என்று எழுதி அனுப்பினேன்.