அம்மா கையெழுத்துப் போடப் போன அந்தப் பேப்பர்

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி சிங்கப்பூர்ல அம்மாவுக்கு ஒரு எலக்ட்ரிக் கெட்டில் வாங்கிக் கொடுத்தேன், 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூணாவது மாசம் ஒருநாள் காலையில காப்பிக்குத் தண்ணி ஊத்தும்போது கைப்பிடி அப்படியே கழண்டு, கொதிக்கிற தண்ணி மொத்தமும் இடது கையிலயும் தொடையிலயும் கொட்டிருச்சு. பாலிகிளினிக்ல பார்த்த டாக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அம்மா ஸ்கூல் கேன்டீன்ல வேலை பார்க்கிறவங்க, டாக்டர் கொடுத்த மருத்துவ லீவுல (எம்சி) பாதி நாளுக்குச் சம்பளம் இல்ல.

அன்னைக்கு ராத்திரி அப்பா கோவத்துல கெட்டில குப்பைக்குழாய்ல போடக் கிளம்பிட்டார். ஏதோ தோணி நான் வாங்கி ஒரு பையில கட்டி ஸ்டோர்ரூம்ல வச்சேன், உடைஞ்ச கைப்பிடி, பெட்டி, ரசீது எல்லாத்தையும் சேர்த்து. அன்னைக்கு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதுதான்னு இப்ப நினைக்கிறேன், ஏன்னா சாமான் கையில இல்லன்னா கைப்பிடி தானா கழண்டுச்சா இல்ல நீங்க கீழ போட்டீங்களான்னு கேட்டா என்னத்தக் காட்டுறது?

மூணு வாரம் கழிச்சு அந்த மாடலையே ரீகால் பண்றாங்கன்னு, அதாவது பழுதுன்னு வித்தத எல்லாம் திரும்ப வாங்குறாங்கன்னு தெரிஞ்சுச்சு, அதுவும் தற்செயலாத்தான். 2024 ஏப்ரல்ல எத்திலீன் ஆக்சைடுங்கிற பூச்சிக்கொல்லி இருக்குன்னு சிங்கப்பூர் உணவு அமைப்பு எவரெஸ்ட் மீன் கறி மசாலாவத் திரும்ப எடுக்கச் சொன்னப்ப எங்க சொந்தக்காரங்க குரூப் பூரா அதே பேச்சா இருந்துச்சு. ஆனா இந்தக் கெட்டிலப் பத்தி ஒரு மெசேஜ்கூட வரல.

கடைக்குப் போனோம். புது கெட்டிலும் கூட 100 வெள்ளியும் தர்றோம்னாங்க, அதோட கையெழுத்துப் போடச் சொல்லி இங்கிலீஷ்ல ஒரு பேப்பர். அதுல இனிமே இது சம்பந்தமா எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டோம்னு ஒரு வரி இருக்கு. அம்மா பேனாவ எடுத்துட்டாங்க, "விடுப்பா, அந்தப் புள்ள எவ்வளவு மரியாதையா பேசுது". நான் பேப்பர வீட்டுல படிச்சிட்டு வர்றோம்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன். தயவுசெஞ்சு நீங்களும் அப்படியே செய்ங்க, சாமானுக்குக் காசு திரும்ப வாங்குறது வேற, காயத்துக்கு நஷ்டஈடு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கிறது வேற.

அப்புறம் இலவச சட்ட ஆலோசனை கொடுக்கிற இடத்துல ஒரு வக்கீலம்மாவப் பார்த்தேன், அவங்க சொல்லித்தான் எனக்கே விஷயம் புரிஞ்சுச்சு. கெட்டில் பழுதுக்கு லெமன் லா, அதாவது பழுதான சாமான வித்த கடைய பொறுப்பாக்குற சட்டம் இருக்கு, 2012 செப்டம்பர்ல இருந்து. வாங்கி 6 மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா அது விக்கும்போதே இருந்த பழுதுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு கடைக்காரர்தான் நிரூபிக்கணும். கடை மசியலன்னா பயனீட்டாளர் சங்கம் பேசிப் பார்க்கும், இல்லன்னா ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனல், அதாவது சின்னத் தொகை வழக்குகளப் பார்க்கிற தீர்ப்பாயம், 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா 30,000, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், வக்கீல் வைக்கக்கூடாது.

ஆனா அம்மாவோட வெந்த கைக்கு அந்த டிரிபியூனல் வழி இல்ல. அதுக்கு சிவில் கோர்ட்தான், 60,000 வெள்ளி வரைக்கும் மேஜிஸ்ட்ரேட் கோர்ட். இன்னொரு சிக்கல், கெட்டில வாங்கினது நான், கடையோட ஒப்பந்தம் என் பேர்ல, காயம்பட்டது அம்மா. அதனால அம்மா போக வேண்டிய வழி பெரும்பாலும் கவனக்குறைவு வழக்கு, தயாரிச்சவங்க மேலயோ இறக்குமதி பண்ணவங்க மேலயோ. சாமான் பழுதுன்னு காட்டினா மட்டும் இங்க போதாது, அவங்க கவனமா இல்லன்னும் காட்டணும். எனக்கு இது அநியாயமாத்தான் படுது, ஒரு கேன்டீன் அம்மா எந்த ஃபேக்டரிக்குள்ள போய்ப் பார்க்க முடியும்? ரீகால் அறிவிப்பு உதவும், ஆனா அது ஒண்ணே தீர்ப்பு ஆகாதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க. காயத்துக்குப் பொதுவா 3 வருஷம்தான் கெடு. காயம், உயிர்ச்சேதத்துக்கு நாங்க பொறுப்பில்லன்னு ரசீதுல அச்சடிச்சிருந்தா பயந்துடாதீங்க, அவங்க கவனக்குறைவால வந்த காயம்னா அந்த வரி செல்லாது.

கெட்டில் மாதிரி சாமான்ல சேஃப்டி மார்க் இருக்கணும், சதுரத்துக்குள்ள ஒரு டிக்கும் பதிவு எண்ணும். எங்க கெட்டில்ல இருந்துச்சு, அப்படியும் இப்படி ஆச்சு, அதனால நுகர்பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போட்டோவோட எழுதிப் போட்டேன்.

மருத்துவ ரிப்போர்ட், எம்சி, சம்பளச் சீட்டு, வாரா வாரம் கையை எடுத்த போட்டோ எல்லாத்தையும் சேர்த்து இறக்குமதி பண்ண கம்பெனிக்கு வக்கீலம்மா மூலமா லெட்டர் போயிருக்கு, இன்னும் பதில் வரல. அந்தப் பேப்பர் கையெழுத்து இல்லாம என் ஃபைல்லயே இருக்கு. அம்மா இப்ப அடுப்புலதான் தண்ணி வைக்கிறாங்க, இறக்கும்போது அப்பாவக் கூப்பிடுறாங்க.