அது உன்னைப் பற்றி இல்லை

எங்கள் சீனியருக்கு எட்வர்ட் ஆபி என்றால் உயிர். முப்பது வருஷத்துக்கு மேல் சாலை வடிவமைத்தே சம்பாதித்தவர், பாலைவனத்தில் சாலையே போடாதே என்று சண்டை பிடித்த எழுத்தாளரைக் கொண்டாடுகிறாரே என்று அரிசோனாவில் ஃபீனிக்ஸ் ஆபீஸில் சேர்ந்த புதிதில் எனக்கு வேடிக்கையாக இருக்கும். அவருடைய டிரக்கின் பின்னால் 'ஹேடியூக் லிவ்ஸ்' ஸ்டிக்கர் வேறு. ஆபியின் நாவலில் புல்டோசர்களை நாசம் செய்து திரிகிற ஆளின் பெயர் அது. அந்த டிரக்கில்தான் நாங்கள் சைட்டுக்குப் போவோம்.

'டெசர்ட் சாலிட்டேர்' புத்தகத்தை முதலில் கொடுத்ததும் அவர்தான். ஆபி 1956, 57-இல் யூட்டாவில் மோவாப் ஊரை ஒட்டிய, இன்று தேசியப் பூங்காவாக இருக்கும் ஆர்ச்சஸில் சீசன் ரேஞ்சராக இருந்த அனுபவம், 1968-இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு இடம் எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் மறக்க முடியாது. புதுத் தார்ச்சாலைக்காக சர்வே குழு வந்து குச்சி அடித்து, ரிப்பன் கட்டி வழியைக் குறித்துவிட்டுப் போகிறது. ஆபி அந்தக் கோட்டோடு சுமார் ஐந்து மைல் நடந்து, குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்து, புதரில் கட்டிய ரிப்பன்களை அறுத்து ஒரு கல்லுக்கு அடியில் ஒளித்துவைக்கிறார். வீண் வேலைதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

நான் அந்தக் குச்சியின் பக்கம் நின்று வாசித்தவன். ஓர் ஓரத்தில் கருப்பு மார்க்கரில் ஸ்டேஷன் எண், அதாவது சாலைக் கோட்டில் அது எத்தனையாவது அடி என்பது, அதன் கீழே எத்தனை அடி வெட்ட வேண்டும் அல்லது நிரப்ப வேண்டும் என்ற கணக்கு, உச்சியில் ஊதா ரிப்பன். அந்த வெயிலில் கெட்டித் தரையில் அதை அடித்து இறக்க எங்கள் பார்ட்டி சீஃப், அதாவது சர்வே குழுவின் தலைவர், படும் பாடு எனக்குத் தெரியும். குச்சியைப் பிடுங்கினால் சாலை நிற்காது, கோடு ஃபீல்டு புக்கில் இருக்கும், மறுபடி அடிக்கிறவன்தான் கஷ்டப்படுவான் என்று சீனியரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆர்ச்சஸில் அந்தச் சாலை வரத்தான் செய்தது. 2021-இல் மட்டும் 18 லட்சம் பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் காரில் நுழையவே நேரம் குறித்து முன்பதிவு செய்யச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்களில் எத்தனை பேர் ஆபியைப் படித்துவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு சொன்னாலும் எனக்கும் ஆபியைப் பிடிக்கும். டிரெய்லருக்கு அடியில் வந்த விஷப்பாம்பை விரட்ட விஷமில்லாத கோஃபர் பாம்பு ஒன்றைப் பிடித்து வந்து வீட்டோடு வைத்துக்கொண்டவரை எப்படிப் பிடிக்காமல் போகும்? க்ளென் கேன்யன் அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறுமுன் 1959-இல் அந்தப் பள்ளத்தாக்கு வழியே படகில் போனதை அவர் எழுதியிருப்பதை, எங்கள் குழாயிலும் அந்தக் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொண்டே படிக்க ஒரு மாதிரியாக இருக்கும்.

அப்புறம்தான் அந்த இன்னொரு கட்டுரை. 1988-இல் வந்த தொகுப்பில் இருக்கிறது, நியூயார்க் டைம்ஸ் போட மறுத்தது. தெற்கு எல்லையை மூடுங்கள், பசியும் அறியாமையுமாக, பண்பாட்டிலும் வறியவர்களாக வரும் கூட்டத்தை உள்ளே விடாதீர்கள், ஆளுக்கு ஒரு துப்பாக்கியும் தோட்டாவும் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள், தங்கள் எதிரி யார் என்று அவர்களுக்கே தெரியும் என்கிறார். இதுவும் சீனியர் கொடுத்த புத்தகம்தான். அந்தப் பக்கங்களில் மட்டும் பென்சில் கோடு ஒன்றுமில்லை.

சீனியர் ஓய்வு பெறும் மதியச் சாப்பாட்டில் பேச்சு ஆபிக்கு வந்தது. 1981-இல் 'எர்த் ஃபர்ஸ்ட்!' என்ற சூழலியல் குழு க்ளென் கேன்யன் அணையின் மேலிருந்து 300 அடிக் கருப்பு பிளாஸ்டிக்கைத் தொங்கவிட்டு விரிசல் விழுந்ததுபோலக் காட்டிய கதையை வழக்கம்போலச் சொல்லி முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "அந்த எல்லைக் கட்டுரையைப் படித்தேன்" என்றேன் நான். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. அவர் முகம் ஒரு கணம் மாறியது. "அது உன்னைப் பற்றி இல்லை" என்றார், ரொம்பக் கனிவாக. "தெரியும்" என்றேன்.

எதிரே பார்ட்டி சீஃப் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தா மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர். டாக்கோவில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா, சொல்ல முடியவில்லை. மேஜை ஒன்றும் அத்தனை பெரியதில்லை.

சீனியர் சொன்னது பொய் இல்லை. கட்டுரையின் குறி தெற்கு எல்லைதான், இந்தியாவிலிருந்து விசாவில் வந்த எஞ்சினியர் அதில் வரவே இல்லை. நான் சொன்னதும் பொய் இல்லை. என் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு அனுபவக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர். என் பெயரை முதல் வாரத்திலேயே ஒழுங்காக உச்சரிக்கக் கற்றுக்கொண்டவரும் அவர் ஒருவர்தான். பிரிவு உபசார விருந்தில், கேக் காத்திருக்கும்போது, அப்படியானால் யாரைப் பற்றி என்று நான் கேட்டிருக்க வேண்டுமா? கேட்டிருந்தால் பதில் எதிரே உட்கார்ந்திருந்தது. அந்தச் சங்கடத்தை அவருக்கு நான் ஏன் உண்டாக்க வேண்டும்? இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த "அவருக்கு" என்பதில் நான் யாரை நினைக்கிறேன் என்று எனக்கே சில நேரம் பிடிபடுவதில்லை.

ஆபியை ரசிக்க இப்படி ஒரு விலக்கு தேவைப்படுகிறதோ என்று தோன்றுகிறது. சாலை போடுகிறவர்களை அவர் திட்டும்போது சீனியர் அது வேறு எஞ்சினியர்களுக்கு என்று எடுத்துக்கொண்டார். காரை விட்டு இறங்காத சுற்றுலாக்காரர்களைத் திட்டும்போது பார்க்கிங்கில் இடம் தேடுகிறவர் அது முன்னால் நிற்கிற காருக்கு என்று எடுத்துக்கொள்கிறார். ஆபியும் லேசுப்பட்டவர் இல்லை. மக்கள்தொகை பெருகுவதைத் திட்டியவருக்கு ஐந்து பிள்ளைகள். நெடுஞ்சாலையில் பீர் டப்பாவை வீசிவிட்டு, அசிங்கம் டப்பா இல்லை, சாலைதான் என்றவர். அன்றைக்கு சீனியர் தனக்கு வைத்திருந்த விலக்கில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அன்பாகத்தான் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எழுத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இங்கே அது முடியாது. குச்சியைப் பிடுங்கிய கையும் எல்லையை மூடச் சொன்ன கையும் ஒரே கோபத்தில்தான் எழுதின: இந்த இடம் என்னுடையது, இதற்குமேல் யாரும் வராதீர்கள் என்ற கோபம். முதலாவதைப் படித்தபோது நானும் கைதட்டினேன், மறு குச்சி அடிக்கிறவன் யார் என்று தெரிந்தும்.

பார்ட்டி சீஃபும் நானும் இப்போது இன்னொரு வேலையில் சேர்ந்திருக்கிறோம். ஆபி பேச்சு வரவில்லை. அவர் படித்திருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. நானாக எடுத்தால் அவருக்காக எடுக்கிறேனா, என் மனசு லேசாக வேண்டும் என்று எடுக்கிறேனா என்று அவர் கேட்கலாம். கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஸ்டேஷன் எண், கட், ஃபில் என்று வேலைப் பேச்சு மட்டும் நன்றாகவே போகிறது.